படகுல வந்து பிரெட் கொடுத்தா போதுமா?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகர், 16 அக்டோபர் 2024

எங்க வார்டு ஆள் போன வருஷம் மிக்ஜாம் வெள்ளத்துல படகுல வந்து பிரெட்டும் பால் பவுடரும் கொடுத்தார். முப்பது வருஷப் பொதுவாழ்க்கைன்னு நோட்டீஸ் அடிச்சிருக்கார். சுனாமி, வெள்ளம், வர்தா, கொரோனா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ. இதை வெச்சு ஒருத்தரை நல்ல அரசியல்வாதின்னு சொல்லிடலாமா? அனுபவப்பட்டவங்க எழுதுங்க.

16 அக்டோபர், இரவு

சொல்ல முடியாது. பிரெட் கொடுக்க பேக்கரிக்காரர் போதும், கவுன்சிலர் எதுக்கு?

நான் கொருக்குப்பேட்டைல 22 வருஷமா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். எங்க ஏரியாவுல எழுதப்படுற மனுவுல பாதி என் கடை மெஷின்லதான் காப்பி ஆகுது. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, முதியோர் பென்ஷன், பட்டா. அந்த மனு எல்லாம் ஜூன்ல வரும், ஜூலைல வரும். போட்டோகிராபர் மட்டும் டிசம்பர்லதான் வருவார். எனக்குத் தெரிஞ்ச கணக்கு இவ்வளவுதான்.

17 அக்டோபர், காலை

ரெட் அலர்ட்னு பயந்து ஆறு பிரெட் வாங்கி வெச்சேன், மழை ஏமாத்திட்டுப் போயிடுச்சு. வேளச்சேரிக்காரங்க பாலத்து மேல வரிசையா கார் நிறுத்தின படத்தை டிவில பார்த்திருப்பீங்க. எங்க பக்கம் பாலத்துல நின்னது ஆட்டோவும் ஒரு இட்லி வண்டியும்தான். அதை யாரும் படம் எடுக்கலை.

நேத்து ராத்திரி எழுதினதைத் திரும்பப் படிச்சா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. பேக்கரின்னு கிண்டல் அடிச்சேன். 2015-ஐ மறந்துட்டு எழுதியிருக்கேன்.

2015 டிசம்பர் 1. ஊரெல்லாம் அடையாறு, செம்பரம்பாக்கம்னு பேசிட்டு இருந்தப்ப எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. கரண்ட் இல்லை, போன்ல டவர் இல்லை. எங்க ஏரியா 'அண்ணன்' (பேர் வேண்டாம், கட்சியும் வேண்டாம்) அப்ப பதவியிலகூட இல்லை. 2006-ல கவுன்சிலரா ஜெயிச்சவர், 2011-ல தோத்துட்டார். லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு மூணு பசங்களோட வந்து, அம்மாவைப் பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சுத் தூக்கினார். முன்னங்கால் ரெண்டையும் பிடிச்சது அவர்தான். ரோட்டு முனை வரைக்கும் தலைக்கு மேல சேர். அங்க இருந்து மீன்பாடி வண்டில ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அம்மா இன்னிக்கும் உயிரோட இருக்காங்க, மூணு வேளையும் என்னைத் திட்டுறாங்க.

அந்த மனுஷனைப் போய் பேக்கரின்னு சொல்றேன் பாருங்க.

17 அக்டோபர், மதியம்

ஆனாலும்.

17 அக்டோபர், இரவு

மதியம் 'ஆனாலும்'னு போட்டதும் கஸ்டமர் வந்துட்டார், அதான் அப்படியே நின்னுபோச்சு.

ஆனாலும், சேரைத் தூக்கினது ஒரு நாள். தண்ணி ஏன் இடுப்பளவு வந்துச்சுங்கறது வேற விஷயம். எங்க பக்கத்துத் தண்ணி கேப்டன் காட்டன் கால்வாய்ல இறங்கி, பக்கிங்காம் கால்வாய்ல சேர்ந்து, வடக்கே எண்ணூர் கழிமுகம் போய்த்தான் கடலைப் பார்க்கணும். கடல் ஏத்தமா இருக்கிற நேரம் முகத்துவாரம் தண்ணியை வாங்காது. கழிமுகத்துல அனல் மின் நிலையச் சாம்பல் வேற மேடு கட்டிக் கிடக்கு. நடுவுல ரயில் பாதை, அதுக்கு அடியில ஒடுங்கின மதகு. மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் எங்க வாசல்ல தண்ணி நிக்கிறது இதனாலதான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மாதிரிதான் இதுவும். போட்டாங்கன்னா போட்டாங்க, எப்பத் திறப்பாங்கன்னு தெரியாது.

இதுல ஒரு வார்டு கவுன்சிலர் என்ன செஞ்சிட முடியும்? கழிமுகத்தைத் தூர் வார அவருக்கு அதிகாரம் இல்லை. வடிகால்ல சேறு தங்குற வண்டல் தொட்டியைச் சுத்தம் பண்ண வைக்கலாம். ஏ.இ.யை (மாநகராட்சி உதவிப் பொறியாளரை) விரட்டலாம். மோட்டாரை முன்கூட்டியே கொண்டு வந்து இறக்கலாம். காண்ட்ராக்டர் வாரின சேறைக் கால்வாய் ஓரத்துலயே கொட்டிட்டுப் போனா, முதல் மழைக்கு அது திரும்ப உள்ளேயே போகும்னு சத்தம் போடலாம். அவ்வளவுதான். மாசம் 10,000 மதிப்பூதியமே 2023-லதான் வந்துச்சு. இதையெல்லாம் போட்டோ எடுத்தா சேறு மட்டும்தான் தெரியும்.

20 அக்டோபர்

ஒருத்தர் கேட்டிருக்கார்: "அப்ப நிவாரணத்துல தப்பே இல்லையா?"

இருக்கு. எழுதறதா வேண்டாமான்னு மூணு நாள் யோசிச்சேன், ஏன்னா அந்தத் தப்புல எனக்குப் பங்கு இருக்கு.

2015-ல அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்துட்டு வந்த மறுநாள், அண்ணன் கடைக்கு வந்தார். "தம்பி, சாப்பாடு ரெடி பண்ணிட்டோம், வீடு வீடா கொடுக்கணும், லிஸ்ட் ஒண்ணு போட்டுக் கொடு"ன்னார். லிஸ்டுக்கு எங்க போறது? கட்சிக்காரங்க கையில எப்பவும் ரெடியா இருக்கிற லிஸ்ட் ஒண்ணே ஒண்ணுதான். வாக்காளர் பட்டியல். பாகம் வாரியா, தெரு வாரியா, கதவு எண், வயசு, ஆணா பெண்ணான்னு எல்லாம் இருக்கும். பூத் ஏஜென்ட் எந்த வீடு நம்ம வீடுன்னு பென்சில்ல டிக்கும் போட்டு வெச்சிருப்பார். இன்வெர்ட்டர்ல சார்ஜ் இருக்கிற வரைக்கும் அதைக் காப்பி எடுத்து, கிழிஞ்ச பக்கத்தையெல்லாம் என் கையால எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

டிக் இல்லாத வீட்டுக்கும் கொடுத்தாங்க, பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் அந்த விஷயத்துல சுத்தம். லிஸ்ட்லயே இல்லாத வீட்டை யார் தேடுறது? இரும்பு குடோனுக்குப் பின்னால ஒரு ஷெட்டுல எட்டு ஒடியாப் பசங்க தங்கியிருந்தாங்க. ஓட்டு இங்க இல்லை. ரேஷன் கார்டு இங்க இல்லை. ரெண்டு நாளா அவங்களுக்கு ஒண்ணும் போகலை. எனக்கு அந்தப் பசங்களைத் தெரியும், ஆதார் காப்பி எடுக்க என் கடைக்குத்தான் வருவாங்க. லிஸ்ட் எழுதறப்ப ஞாபகம் வரலை.

மூணாம் நாள் அண்ணி (அண்ணன் சம்சாரம்) லிஸ்டை என்கிட்ட திருப்பிக் கொடுத்தாங்க. பின்பக்கத்துல பால்பாயின்ட் பேனாவுல "குடோன் பின்னாடி 8" அப்படின்னு எழுதியிருந்துச்சு. கீழே இன்னும் அஞ்சாறு வரி. ஒரு வார்த்தை பேசலை.

20 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

ஸ்டிக்கர் கதையைக் கேட்கிறவங்களுக்கு: ஆமா, 2015-ல நிவாரணப் பொட்டலத்துக்குப் பொட்டலம் அப்போதைய முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டின விவகாரம் ஊரே அறிஞ்சது. எங்க ஏரியாவுல அதுக்கும் மேல. பிரெட் பாக்கெட்டா வந்து குவிஞ்சு, தெரு நாயே மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. கேட்டது மெழுகுவத்தி, தீப்பெட்டி, நாப்கின், கொசுவத்தி. வந்தது பிரெட். சுடச்சுட இட்லி கிடைச்சது அம்மா உணவகத்துலதான், அதுவும் அப்ப இலவசம்.

22 அக்டோபர்

ஒரு பெரியவர் "அந்தக் காலத்துல அரசியல்வாதின்னா..."ன்னு ஆரம்பிச்சிருக்கார். அந்தக் காலத்து ஆளும் எங்க ஏரியாதாங்க. பிட்டி தியாகராயர். வண்ணாரப்பேட்டைக்காரர். தறி வெச்சு நெசவு நடத்தின குடும்பம். எப்பவும் வெள்ளை உடை, அதனால வெள்ளுடை வேந்தர்னு பேர். நீதிக்கட்சி ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், மெட்ராஸ் கார்ப்பரேஷன் தலைவர். 1920-ல முதல் மந்திரி ஆகச் சொல்லி கவர்னர் கூப்பிட்டப்ப வேண்டாம்னுட்டார். அதே வருஷம் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மதியச் சாப்பாடு போட தீர்மானம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. முதல் ஸ்கூல் இங்க வண்ணாரப்பேட்டைலதான்.

அது வெள்ளத்துக்குப் போட்ட சோறு இல்லை, கவனிங்க. மழை பெய்ஞ்சாலும் வெயில் அடிச்சாலும் திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வந்தா சோறு.

23 அக்டோபர்

திருத்தம். முதல் ஸ்கூல் வண்ணாரப்பேட்டைல இல்லை, ஆயிரம் விளக்குல. ஊர்ப் பாசத்துல இழுத்துட்டு வந்துட்டேன். சுட்டிக் காட்டின டீச்சரம்மாவுக்கு வணக்கம். அவங்களே இன்னொண்ணும் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துக்கு வர்ற பிள்ளைங்க எண்ணிக்கை ஏறினதைப் பார்த்து இன்னும் நாலு ஸ்கூலுக்கு விரிவாக்கினாங்களாம். அப்புறம் வெள்ளைக்கார அரசாங்கம், தொடக்கக் கல்வி நிதில இருந்து சோத்துக்குச் செலவழிக்கக் கூடாதுன்னு தடை போட்டு, 1925-ல நின்னுபோச்சு. தியாகராயர் போனதும் அதே 1925.

பாசம்னு சொன்னேன், கடுப்பும் இருக்கு. எங்க ஆள் பேரைத் தூக்கிட்டுப் போய் தி.நகருக்கு வெச்சுட்டாங்க. ரங்கநாதன் தெருவுல பட்டுப்புடவை வாங்குற எத்தனை பேருக்கு இவர் வடசென்னைக்காரர்னு தெரியும்? எங்களுக்கு மிஞ்சினது பழைய வண்ணாரப்பேட்டை காலேஜும், 2021-ல வந்த மெட்ரோ ஸ்டேஷன் போர்டும்.

27 அக்டோபர்

"கவுன்சிலரே இல்லாம ஊர் ஓடலையா?"ன்னு கேட்ட தம்பிக்கு.

ஓடுச்சு. எப்படி ஓடுச்சுன்னு சொல்றேன். 2016 அக்டோபர்ல மாநகராட்சி மன்றம் முடிஞ்சது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவுல அஞ்சு வருஷத்துக்கும் மேல, 200 வார்டுக்கும் ஒரு கவுன்சிலர் கிடையாது. மன்றம் முடிஞ்ச ரெண்டாவது மாசமே வர்தா, டிசம்பர் 12. மரம் விழுந்து தெரு அடைச்சுக் கிடக்கு, யாரைக் கூப்பிடுறது? மாநகராட்சி புகார் எண் 1913-க்குப் போன் போட்டா பிஸி. 2020-ல கொரோனா, ராயபுரம் மண்டலம் தினமும் பட்டியல்ல முதல் வரிசை. தகரம் வெச்சுத் தெருவை அடைச்சாங்க. அடைச்ச தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிழவிக்கு மாத்திரை வாங்கித் தர ஆள் வேணும். அதிகாரிங்க நல்லாத்தான் உழைச்சாங்க, குறை சொல்லலை. அவங்களுக்குக் கிழவி எந்த வீடுன்னு தெரியாது.

அண்ணனுக்குத் தெரியும். முன்னாள்தான், கையெழுத்துக்கு மதிப்பு இல்லை, ஆனாலும் போனார். கபசுரக் குடிநீர் அண்டாவோட ஒரு போட்டோவும் எடுத்துக்கிட்டார், சரி. மாத்திரை போய்ச் சேர்ந்துச்சா? சேர்ந்துச்சு.

ஓட்டு இல்லாத காலத்துலயும் ஒருத்தர் வந்தார்னா அதுக்கு மதிப்பெண் போடணும். 16-ஆம் தேதி நான் எழுதினதுல இருந்து பாதி வாபஸ்.

1 நவம்பர்

தீபாவளி முடிஞ்சு காதுல இன்னும் பட்டாசுச் சத்தம். எங்க தெருவுல மூணு கட்சிக்காரங்க ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாங்க. மூணுலயும் அதே மைசூர்பாகு, ஒரே கடை ஆர்டராத்தான் இருக்கணும்.

பக்கத்து ஆர்.கே. நகர் ஞாபகம் வந்துச்சு. 2017 ஏப்ரல்ல பணப்பட்டுவாடா புகார்ல இடைத்தேர்தலையே ரத்து பண்ணினாங்களே. அந்த ஊர்க்காரங்களுக்குக் கொடுக்கிற கை எதுக்குக் கொடுக்குதுன்னு மோந்து பார்த்தே தெரியும். வெளியூர்க்காரங்க 'வடசென்னைக்காரன் துட்டு வாங்கிட்டு ஓட்டுப் போடுவான்'னு பேசுறாங்க. வாங்குறவங்க பேர் மட்டும் ஞாபகம் இருக்கும், கொடுத்தவங்க பேர் யாருக்கும் ஞாபகம் வராது.

6 நவம்பர்

மிக்ஜாம் பத்தி எழுதாம தாண்டிட்டேன்னு கேட்கிறாங்க. வேணும்னுதான் தாண்டினேன்.

2023 டிசம்பர் 3, 4 ரெண்டு நாள் கொட்டுச்சு. எங்க தெருவுல நாலு நாள் தண்ணி நின்னுச்சு. எண்ணூர்ப் பக்கம் தண்ணியோட எண்ணெயும் சேர்ந்து வந்து கழிமுகத்துல படர்ந்துச்சு. மீனவங்க மக்குல மோந்து மோந்து டிரம்முல ஊத்தினதை நீங்களும் பார்த்திருப்பீங்க. அங்க இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்காரர் வலையைச் சோப்புப் போட்டு அலசிப் பார்த்துட்டு, கடைசில தூக்கிப் போட்டார்.

அப்புறம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம், ரேஷன் கடைல டோக்கன். கார்டு இல்லாதவங்க விண்ணப்பம் கொடுக்கணும். ஆதார் காப்பி, பாஸ்புக் காப்பி, வாடகை ரசீது காப்பி. என் கடை வாசல்ல காலைல ஆறு மணிக்கே வரிசை. வாடகை ஜெனரேட்டர்ல மெஷினை ஓட்டினேன், டீசல் செலவுன்னு பக்கம் 2 ரூபாய்க்கு இருந்ததை 5 ஆக்கினேன். அந்த ஒரு வாரத்துல மூணு மாச வருமானம் வந்துச்சு. கரண்ட் வந்த பிறகும் ரெண்டு நாள் 5 ரூபாய் போர்டை எடுக்கலை.

அரசியல்வாதியைப் பத்திக் கேட்ட கேள்விக்கு ஜெராக்ஸ் கடைக்காரன் வாக்குமூலம் கொடுத்துட்டு இருக்கேன். இருக்கட்டும்.

10 நவம்பர்

இப்ப எங்க கவுன்சிலர் அண்ணி. 2022-ல வார்டு பெண்களுக்குன்னு வந்துச்சு, அண்ணன் அவங்களை நிக்க வெச்சார். போஸ்டர்ல அண்ணன் முகம் பெருசு, அண்ணி முகம் ஸ்டாம்பு சைஸு. ஜெயிச்ச பிறகும் ஏ.இ. அண்ணனுக்குத்தான் போன் போடுவார். எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். 'கவுன்சிலர் வீட்டுக்காரர்'ங்கறது இங்க ஒரு பதவி மாதிரி. நானும் அப்படித்தான் நினைச்சேன், அண்ணி கையெழுத்துப் போடுவாங்க, அண்ணன் கவுன்சிலர்னு.

எப்ப மாறுச்சுன்னு சரியாச் சொல்ல முடியலை. மிக்ஜாம் முடிஞ்ச ரெண்டாவது மாசம்னு நினைக்கிறேன், அண்ணி ஒரு நோட்டு கொண்டு வந்தாங்க. 200 பக்கம், கோடு போட்டது, ஓரமெல்லாம் தண்ணி பட்டு அலை அலையா எழும்பியிருந்துச்சு. தெரு தெருவா எழுதி வெச்சிருந்தாங்க. கட்சி கிடையாது, டிக் கிடையாது. இப்படி இருந்துச்சு:

"மாடிப்படி இறங்க முடியாது, ரெண்டு பேர் வேணும்."
"இன்சுலின். ஐஸ் வேணும்."
"தை மாசம் பிரசவம்."
"கதவு தட்டினா காது கேட்காது, ஜன்னல் பக்கம் போகணும்."
"குடோன் பின்னாடி. இப்ப 11 பேர்."

ஒன்பது வருஷம் முன்னால லிஸ்ட் பின்பக்கம் எழுதினது வளர்ந்து ஒரு நோட்டு ஆகியிருக்கு. பதவிக்கு வர்றதுக்கு முன்னாலயே ஆரம்பிச்ச நோட்டு. அண்ணன் தலைக்கு மேல சேரைத் தூக்கினப்ப, எந்த வீட்டுக்குச் சேரோட போகணும்னு அவருக்கு யார் சொல்லி அனுப்பினாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது.

வண்டல் தொட்டி கணக்கும் அதே நோட்டுல கடைசிப் பக்கம். எது வாரினது, எது வாரினதாச் சொன்னது. ரெண்டுக்கும் தனித்தனி கட்டம்.

11 நவம்பர்

"அண்ணியைத் தெய்வமாக்குறீங்க"ன்னு ஒருத்தர். ஐயோ இல்லை. கோவம் வந்தா வாயைத் திறந்தாங்கன்னா காது கூசும். எங்க தெரு வடிகாலுக்குத் தோண்டிப் போட்ட பள்ளம் ஏழு மாசம் அப்படியே கிடந்துச்சு, அதுக்கு அவங்க பதில் இன்னிக்கு வரைக்கும் திருப்தியா இல்லை. அடுத்த தடவை வார்டு பொதுவாச்சுன்னா அண்ணனே நிப்பார்னு பேச்சு. அப்ப நோட்டு எங்க போகும்னு தெரியலை.

30 நவம்பர், காலை

ஃபெஞ்சல். விடியக் காலைல இருந்து ஊத்துது. கடை திறக்கலை. அம்மா "அந்தச் சேர் எங்கடா?"ன்னு கேட்டுட்டு சிரிக்கிறாங்க.

30 நவம்பர், மாலை

தண்ணி கணுக்கால் அளவு. அதுக்கு மேல ஏறலை. முனைல மோட்டார் ஓடுற சத்தம் கேட்குது. நேத்தே இறக்கிட்டாங்களாம்.

3 டிசம்பர்

புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிடுச்சு, அந்தப் பக்கம் விழுப்புரம் வரைக்கும் பாவம். நாங்க தப்பிச்சோம்.

மழைக்கு முந்தின நாள் நடந்ததை எழுதாம விட்டுட்டேன். 29-ஆம் தேதி சாயந்தரம் அண்ணி கடைக்கு வந்தாங்க, நோட்டுல இருந்து தெருவுக்கு ஒரு பக்கமா 40 காப்பி. பசங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்க, முழு நோட்டும் யார் கைக்கும் போகக் கூடாதாம். எடுத்துட்டே இருந்தேன். எங்க தெரு பக்கம் வந்துச்சு. நாலாவது வரியில எங்க கதவு எண்.

"அம்மா, மூச்சு இழுப்பு. சேர் வேணும். மகன் ஜெராக்ஸ் கடை. போன் எடுக்க மாட்டான்."

"அண்ணி, நான் போன் எடுப்பேனே"ன்னேன்.

"நேத்து நாலு தடவை போட்டேன், எடுத்தியா?"ன்னு கேட்டுட்டு, பர்ஸைத் திறந்தாங்க. காசு வேண்டாம்னேன். காதுலயே வாங்கலை. போர்டை ஒரு பார்வை பார்த்துட்டு 80 ரூபாயை எண்ணி மேஜைல வெச்சாங்க.

"இப்ப ரெண்டு ரூபாதானே தம்பி?"